உப்புக் கணக்கு



எடையளவு முத்திரை, கிட்டங்கிக்குக் காப்பீடு, ஜி.எஸ்.டி. படிவம் என்று எழுதுவதுதான் நம் இதழில் என் வழக்கம். இம்முறை கழிவுநீரைப் பற்றி எழுதுகிறேன். இந்த ஆளுக்கும் கழிவுநீருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எஞ்சினீயர் அல்ல. ஆனால் உப்பு மொத்த வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். சம்பந்தம் அந்த உப்பில்தான் இருக்கிறது.

சென்ற மாதக் கூட்டத்தில், வாட்டர் கேன் ஏஜென்சி வைத்திருக்கும் இளம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, மெஷின் போட்டுச் சுத்தம் பண்ணிட்டா கழிவு காணாமப் போயிரும்தானே? அப்புறம் ஏன் திருப்பூர்ல இத்தனை வழக்கு, இத்தனை வம்பு?" என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் டீ வந்துவிட்டது, தலைவரும் நன்றியுரை சொல்ல எழுந்துவிட்டார். அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் பெருக்கல், வகுத்தல் வரும். அது நமக்குப் புதிதல்ல.

எங்கள் மண்டிக்கு உப்பு தூத்துக்குடியிலிருந்து வரும். அப்பா காலத்தில் மளிகைக் கடைகளுக்கும், தோல் பதனிடுவோருக்கும், ஐஸ் கம்பெனிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1980-களின் பிற்பகுதியில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தது. வெள்ளைப் பனியன் போட்ட ஊர் கலர் பனியனுக்கு மாறியது. சாயப்பட்டறைக்காரர்கள் லோடு லோடாக உப்புக் கேட்டார்கள். கடைக்கு நாலு மூட்டை இறக்கிவிட்டு நாற்பது நாள் கடன் சொன்னவனுக்கு, ஒரே பட்டறையில் ஒரு லாரிச் சரக்கு இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு எதற்கு, வேலை முடிந்தபின் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சரக்கு இறங்கினால் சிட்டையில் கையெழுத்து, மாதக் கடைசியில் வசூல், அவ்வளவுதான்.

1990-களின் நடுவில் ஒருநாள், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் பாக்கி கட்ட வந்தார். வெகுகாலப் பழக்கம். வழக்கமான சரக்குச் சீட்டில் உப்பு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எங்களுக்கு இனி உப்பு லாரியில வேண்டாமுங்க அண்ணாச்சி. ஆத்துலயே வந்துருதுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்தால் கரித்தது. தென்னை குரும்பை கொட்டுகிறது, மாடு வாய் வைக்க மாட்டேன் என்கிறது, தோட்டக்காரர்கள் கையில் காசில்லாததால் கடையில் கடன் ஏறுகிறது என்று சொன்னார். என் உப்பு அவர் கடைப் பேரேடுவரை வந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு அந்தத் தண்ணீரில் ஒரு லிட்டர் அளந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி வற்றக் காய்ச்சினேன். அடியில் வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்டி, மறுநாள் பக்கத்து நகைக் கடைத் தராசில் நிறுத்தேன். ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. இதைத்தான் அதிகாரிகள் டி.டி.எஸ். என்கிறார்கள். நமக்கு டி.டி.எஸ். என்றால் வருமான வரிப் பிடித்தம்தான் ஞாபகம் வரும். தண்ணீர்க்காரர்களுக்கு அது கரைந்திருக்கும் திடப்பொருளின் மொத்த அளவு. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். என் ஐந்து கிராம் அவர்கள் கணக்கில் 5,000. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் மாநிலத்தில் ஆலைகள் ஆற்றில் விடும் நீருக்கு உச்சவரம்பு 2,100.

சாயம் ஏறும், உப்பு ஏறாது

பருத்தித் துணிக்குப் போடும் 'ரியாக்டிவ்' சாயங்கள் தண்ணீரில் நன்றாகக் கரைபவை. அதனால் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கப் பார்க்கும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் சாயம் தண்ணீரை விட்டுத் துணியின் பக்கம் தள்ளப்படும். பிறகு சோடா உப்பு சேர்த்தால் நூலோடு பிணைந்துகொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உப்பு தள்ளிவிடும் வேலையைத்தான் செய்கிறது, துணியில் தங்குவதில்லை. நூறு கிலோ உப்புப் போட்டால் நூறு கிலோவும் கழிவுநீரில்தான் வெளியே வரும். சாயத்திலும் ஒரு பகுதி பிணையாமல் கழுவிப் போய்விடும். கண்ணுக்குத் தெரிவது அந்தச் சாயம்தான். ஆறு சிவப்பாக ஓடுகிறது, நீலமாக ஓடுகிறது என்று பத்திரிகைகள் போட்டோ போட்டன. நிலத்தைக் கொன்றதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு உண்டு.

இனி கணக்கு. ஒரு கிலோ துணிக்குச் சாயத் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். நடுத்தர அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஆக ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு. (பழைய வின்ச் தொட்டிகளில் 20 லிட்டர்கூடப் பிடிக்கும். அப்போது உப்பும் இரட்டிப்பு. அந்த இரட்டிப்பில்தான் நாங்கள் பிழைத்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.) நாளொன்றுக்கு 5 டன் துணி நனைக்கும் பட்டறைக்கு 3,000 கிலோ உப்பு, அதாவது 50 கிலோ மூட்டையில் 60 மூட்டை. வெளுப்பது, அலசுவது, சோப்புப் போடுவது எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 80 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 4 லட்சம் லிட்டர். 3,000 கிலோவை 4 லட்சம் லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு ஏழரை கிராம். உச்சவரம்போ 2.1 கிராம். சாயத் தொட்டியில் உள்ள தண்ணீரை மட்டும் தனியாகப் பார்த்தால் லிட்டருக்கு 60 கிராம். கடல் நீரிலேயே சுமார் 35 கிராம்தான்.

இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு இரவு போதுமாயிருந்தது. பத்து வருஷம் வியாபாரம் பண்ணியும் அதற்குமுன் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆறும் அணையும்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நீர் பார்க்கும் ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்தார்கள். சில வருஷங்களிலேயே அது சாயக் கழிவுநீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. அணையில் தேக்கினால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் உப்பு ஊறும். திறந்துவிட்டால் கீழே உள்ள நிலத்துக்கும் காவிரிக்கும் போகும். தேக்காதே என்று ஒரு சாரார், திறக்காதே என்று இன்னொரு சாரார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

உப்பு நீர் தொடர்ந்து பாய்ந்தால் மண்ணில் சோடியம் ஏறும். மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் சுண்ணாம்புச் சத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மண் இறுகும். அப்புறம் நல்ல மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. ஆற்றில் கழிவு நின்ற மறுநாளே நிலம் பழையபடி ஆகிவிடாததற்குக் காரணம் இதுதான்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. அதுவரை வெளியேறும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசாவரை அபராதம் என்றும் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகளின் பக்கமே நின்றது. அப்படியும் வேலை முடியவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, அந்த நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த வருஷம் என் கிட்டங்கியில் இரண்டு லோடு உப்பு தேங்கியது. கொடுத்த கடனில் பாதி வசூலாகவில்லை. வெளியூர் ஆட்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறியதால், அவர்களை நம்பியிருந்த மளிகைக் கடைகளும் படுத்தன. திருப்பூர் உறுப்பினர்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியதில்லை. நீதிமன்றத்தின்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. கோபம் வரும்போதெல்லாம் அந்தப் பாட்டில் தண்ணீரும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது, அதுவும் உண்மை.

சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன நடக்கிறது?

பட்டறைகள் மெல்ல மெல்லத் திறந்த பிறகு, பழைய வாடிக்கையாளர் ஒருவர் தாம் பங்குதாரராக உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்னை அழைத்துப் போனார். அரை நாள் சுற்றினேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் தம்பி சலிக்காமல் விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பல பட்டறைகளின் நீர் குழாய் வழியாக ஒரு பெரிய தொட்டிக்கு வருகிறது. ஒன்றில் காரம் அதிகம், ஒன்றில் சாயம் அதிகம். எல்லாவற்றையும் கலந்து ஒரே தரமாக்குகிறார்கள். காரத்தை அமிலம் விட்டுத் தணிக்கிறார்கள். பிறகு காற்றை ஊதும் தொட்டி. நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்கின்றன. மாவு, மெழுகு, சோப்பு போன்றவற்றைத் தின்று தீர்க்கின்றன. ஆனால் அவை உப்பைத் தின்னா. ஊறுகாயில் உப்பு ஏன் போடுகிறோம்? கிருமி வளராமல் இருக்கத்தானே? அதே உப்பு இங்கேயும் அதிகமானால் நல்ல நுண்ணுயிர்களையும் மந்தமாக்கிவிடும். ஆக நுண்ணுயிரை வைத்து உப்பை எடுக்க முடியாது. இது முதல் பாடம்.

முற்காலத்தில் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுச் சாயத்தைத் திரிய வைத்து அடியில் படிய வைப்பார்கள். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போடுவது மாதிரிதான். நிறம் போய்விடும், பார்க்கத் தெளிவாக இருக்கும். 'சுத்திகரித்த நீர்' என்று ஆற்றில் விட்டார்கள். அந்தத் தெளிந்த நீரில் உப்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. எங்கள் கடைக்காரர் கொண்டு வந்த பாட்டில் தெளிவாக இருந்ததன் ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கியது. அந்த முறையில் மலைமலையாகச் சேறு வேறு மிஞ்சும். இப்போது பல நிலையங்களில் நுண்ணுயிர் முறையே முதல் என்று வைத்துக்கொண்டு, மிஞ்சிய நிறத்தைக் குளோரின் சரக்கு கொண்டு போக்குகிறார்கள். சேறு அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

அடுத்துதான் ஆர்.ஓ. நம் வாட்டர் கேன் தம்பி கவனிக்க வேண்டிய இடம். ஆர்.ஓ. சவ்வு என்பது தண்ணீரை விட்டு உப்பை நிறுத்தும் ஒரு சல்லடை என்று வைத்துக்கொள்ளலாம். இயல்பாகத் தண்ணீர் நல்ல நீர்ப் பக்கத்திலிருந்து உப்பு நீர்ப் பக்கம்தான் போக நினைக்கும். அதை எதிர்த்திசையில் தள்ள அழுத்தம் வேண்டும். உப்பு கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டும். கடல் நீர் அளவுக்கு உப்பு இருந்தால், லாரி டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏழெட்டு மடங்கு தேவைப்படும். கரண்டு பில் எங்கே ஏறுகிறது என்று புரிகிறதல்லவா?

மேலே சொன்ன பட்டறையின் 4 லட்சம் லிட்டரில் நூற்றுக்கு 85 பங்கு நல்ல நீராகத் திரும்பியது என்று வைப்போம். 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் மறுபடி சாயமிடப் போய்விட்டது. மீதி 60 ஆயிரம் லிட்டர். ஆனால் உப்பு அதே 3,000 கிலோ. இப்போது லிட்டருக்கு 50 கிராம். ஆர்.ஓ. உப்பை அழிக்கவில்லை. பெரிய கிட்டங்கியில் பரவிக் கிடந்த சரக்கை ஒரு மூலையில் அடுக்கித் தந்திருக்கிறது, அவ்வளவே. வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் இதையே செய்கிறது. அதிலிருந்து சாக்கடைக்குப் போகும் குழாயில் உங்கள் வீட்டு உப்பு முழுவதும் அடர்த்தியாகப் போகிறது.

அந்த 60 ஆயிரம் லிட்டரைக் காய்ச்ச வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழெட்டு மடங்கு, கொதித்த நீரை ஆவியாக்க ஆகும். நான் அந்தக் கிணற்று நீரை வற்றக் காய்ச்சியதில் எவ்வளவு கேஸ் போயிற்று என்று வீட்டில் கேட்ட கேள்வியும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் நிலையங்களில் ஆவியை வீணாக்குவதில்லை. முதல் கலனில் எழும் ஆவியைக் கொண்டே இரண்டாவது கலனைச் சூடாக்குவார்கள், இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதை. இட்லிக் கொப்பரையில் தட்டுக்குமேல் தட்டு அடுக்கி ஒரே ஆவியில் எல்லாவற்றையும் வேகவைக்கிறோமே, ஏறத்தாழ அந்த யோசனைதான். கலத்துக்குக் கலம் அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைப்பது மட்டும் கூடுதல் தந்திரம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். இப்போது பல பட்டறைகள் கல்லுப்புக்குப் பதிலாகக் 'கிளாபர் சால்ட்' எனப்படும் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. சமையல் உப்பு சூடான நீரிலும் குளிர்ந்த நீரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும். கிளாபர் உப்பு அப்படியல்ல. சுமார் 32 டிகிரி சூட்டில் மிக அதிகமாகக் கரையும். குளிரக் குளிரக் கரைசலில் நிற்க முடியாமல் பளிங்குபோல வெளியே விழுந்துவிடும். சர்க்கரைப் பாகு ஆறும்போது கல்கண்டு கட்டுவதைப் போல. அடர்ந்த நீரைக் குளிர்சாதனத்தில் குளிர வைத்து அந்தப் பளிங்கைப் பிரித்து, மூட்டை கட்டிப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இன்னும் ஒருபடி மேலே போய், திருப்பூருக்கு அருகே அருள்புரத்தில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம், அடர்ந்த உப்பு நீரைக் காய்ச்சாமல், நிறமும் கடினத்தன்மையும் நீக்கி அப்படியே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் முறையில் முன்னோடியாக இருந்தது. சாயமிட உப்புத் தண்ணீர்தானே வேண்டும், அதைக் காய்ச்சி உப்பாக்கி மறுபடி தண்ணீரில் கரைப்பானேன்? எவ்வளவு சுலபமான யோசனை! இதைக் கேட்டபோது, யோசித்தவர் நிச்சயம் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் நஷ்டம் யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத்தான். மாதம் முப்பது லோடு போன இடத்தில் இப்போது மூன்று லோடு போனால் அதிகம். அவர்கள் உப்பு அவர்களிடமே திரும்பிவிடுகிறது. என் பையன் இந்த வரவை நம்பாமல் பருப்பு, பயறு பக்கம் திரும்பிவிட்டான்.

மிஞ்சியதை எங்கே வைப்பது?

பேரேட்டில் எல்லாம் சரியாக வந்தாலும் கடைசியில் ஒரு சில்லறை பாக்கி நிற்குமல்லவா? இங்கேயும் நிற்கிறது. சோடா, சல்பேட், சமையல் உப்பு, கொஞ்சம் சாயம் எல்லாம் கலந்து, பிரிக்க முடியாத ஒரு பழுப்பு உப்பு மிஞ்சுகிறது. கலப்பு உப்பு என்பார்கள். யாருக்கும் விற்க முடியாது. ஆற்றில் கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். கூரை போட்ட கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். "மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வந்தா எங்களுக்குத் தூக்கம் போச்சுங்க" என்றார் மேற்பார்வையாளர். உப்பு வியாபாரிக்கு இந்தக் கவலை புரியாதா? ஒரே வித்தியாசம், என் மூட்டை நனைந்தால் நஷ்டம் எனக்கு. அவர் மூட்டை நனைந்தால் நஷ்டம் கீழூருக்கு.

இன்னொன்று, ரசாயனச் சேறு. இது சட்டப்படி அபாயகரமான கழிவு. 1984 போபால் துயரத்துக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1989-இல் அபாயகரமான கழிவு விதிகள் வந்தன. அவை மாற்றப்பட்டு 2008-இலும் 2016-இலும் புது விதிகளாயின. 2016 விதிப்படி, இத்தகைய கழிவை உண்டாக்கியவர் பொதுவாக 90 நாளுக்கு மேல் தம்மிடம் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது வண்டியோடு ஏழு படிகள் கொண்ட சீட்டு போக வேண்டும். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நிறம். அனுப்பியவர், வண்டிக்காரர், பெற்றவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஆளுக்கொரு படி. நம் இ-வே பில்லைக் கண்டு அலுத்துக்கொள்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் அதன் நோக்கம் நமக்கு நன்கு விளங்கும். புறப்பட்ட எடை சேர வேண்டிய இடத்தில் இறங்கியதா, வழியில் ஓடையோரம் இறங்கியதா என்று கண்டுபிடிக்கத்தான்.

போய்ச் சேரும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, பாதுகாப்பான புதைகுழி. கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. களிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கசியும் நீரைப் பிடித்து வெளியே எடுக்கும் குழாய்கள், மறுபடி விரிப்பு என்று அடுக்கடுக்காகப் போட்டுக் கழிவை நிரப்பி மேலே மூடுவார்கள். மூடியபிறகும் வருஷக்கணக்கில் சுற்றுக் கிணறுகளைச் சோதிக்க வேண்டும். மற்றது, சிமெண்ட் ஆலையின் சூளை. 1,400 டிகிரிக்கு மேல் சூடேறும் அதில் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுவார்கள். சேற்றில் உள்ள சுண்ணாம்பும் இரும்பும் சிமெண்டோடு சேர்ந்துவிடும். ஆனால் உப்பு அதிகம் இருந்தால் சூளையில் அடை பிடித்து அடைத்துக்கொள்ளும். அதனால் உப்பேறிய கழிவைச் சிமெண்ட் ஆலைகள் விரும்புவதில்லை. சுற்றிச் சுற்றி உப்பிடமே வந்து நிற்கிறோம்.

இந்தக் கடைசிப் பாக்கியைத் தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையைத்தான் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஊர். அங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. வேலூர் மாவட்டத் தோல் ஆலை வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அப்படிப்பட்ட இடத்தில், 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் வளாகச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகளைச் சேறு மூடியது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்து எடுத்த அழுக்குதான் அந்தச் சேறு. எடுத்தார்கள், கொண்டு சேர்க்கவில்லை.

தம்பியின் கேள்விக்கு இதுதான் என் பதில். மெஷின் கழிவை இடம் மாற்றும், சுருக்கும், பிரித்துத் தரும். கரிமப் பொருளை நுண்ணுயிர் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் உப்பும் உலோகமும் கணக்கைவிட்டுப் போகா. எங்காவது ஒரு பேரேட்டில் இருப்பாக நின்றே தீரும். இப்போதும் மழை இரவில் ஓடையைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. நம்மில் பில் இல்லாமல் சரக்கு விடுகிறவன் இல்லையா, அந்த மாதிரி.

நம் கடையில் ஒரு மூலை

நம்மிடமும் அபாயக் கழிவு உண்டு, அளவு சிறிது என்பதால் கண்ணில் படுவதில்லை. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே டியூப் லைட், பழைய பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, பெயிண்ட் டப்பா ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்தன. டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் சிறிதளவு உண்டு. உடைத்துக் குப்பையில் போடக் கூடாது. ஒரு அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்து உள்ளாட்சிக்காரர்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் அவர்களும் வாங்கி அதே வண்டியில்தான் போடுகிறார்கள் என்பது தெரியும். அதைச் சங்கத்தின் பேரில் எழுதிக் கேட்கலாம்.

கிட்டங்கியில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அது ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை விடும். வேலை முடிந்தபின் மிஞ்சும் சாம்பல் நிறத் தூளிலும் வீரியம் மிச்சம் இருக்கலாம். உரிமம் பெற்ற ஆட்களைக் கொண்டே வைக்க வேண்டும், தூளையும் அவர்களே எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். கூட்டிச் சாக்கடையில் தள்ளுவதோ, குப்பைத் தொட்டியில் மூடி வைப்பதோ கூடவே கூடாது.

பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். எங்கள் கிட்டங்கியில் ஒருமுறை ஆசிட் பாட்டில் உடைந்தது. கடைப் பையன் அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவிக் கூட்டப் பார்த்தான். கிளம்பிய குளோரின் வாயுவில் இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டான். கதவு திறந்திருந்ததால் பிழைத்தான். இரண்டும் நான் வாங்கி வைத்த சரக்கு, அவனுக்குச் சொல்லி வைக்காதவனும் நான்தான்.

ஒரத்துப்பாளையத்துப் பக்கத்துக் கடைக்காரர் இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டார். போன பொங்கலுக்கு வந்திருந்தார். கிணற்றில் கரிப்பு முன்னளவுக்கு இல்லையாம், ஆனாலும் குடிக்கக் கேன் தண்ணீர்தானாம். சரக்குச் சீட்டை நீட்டினார். இரண்டு மூட்டை உப்பு எழுதியிருந்தது.

வருகிற மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு, கடைக் கிணற்று நீரையோ போர் நீரையோ, கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் கொண்டு வாருங்கள். பாட்டில்மேல் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டியிருக்கட்டும். அடுப்பும் பாத்திரமும் நான் ஏற்பாடு செய்கிறேன். நகைக் கடை உறுப்பினர் தராசு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.